எதிர்க்காற்றுச் சாலை

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து மேற்கு எல்லையில் உள்ள சன்ஃபிளவர் மேடு கடல் மட்டத்துக்கு மேல் 1,231 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்கு மூலையில் வெர்டிகிரிஸ் ஆறு மாநிலத்தைவிட்டு வெளியேறும் இடத்தின் உயரம் 207 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டருக்குக் கோதுமை வயலும் புல்வெளியும் விரிந்துகிடக்கின்றன. கிழக்கே போகப் போக, கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம் நிலம் தாழ்ந்துகொண்டே வருகிறது. அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. சைக்கிள் மிதிக்கும் காலுக்கும் தெரிவதில்லை.

தெரிவது காற்று. மேற்கிலிருந்து கிழக்கே போனால் காற்று முதுகில் தள்ளும் என்று நம்பி வருபவர்கள் பலர். கோடையில் இங்கே பெரும்பாலும் வீசுவது தெற்குக் காற்று. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அது பக்கவாட்டில்தான் அறையும். சாலை சற்றுத் தெற்கே திரும்பினால் நேரே மார்பில் மோதும். 140 ஆண்டுகளாக மனிதர்கள் இந்தச் சமவெளியைச் சைக்கிளில் கடக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள் சைக்கிளும் சாலையும் ஊர்களும் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டன. எது எவ்வளவு மாறியது என்று கணக்குப் பார்த்தால், வரவும் செலவும் நாம் எதிர்பார்க்கும் பக்கங்களில் இல்லை.

முதலில் கடந்தவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரல் 22 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 4 அன்று பாஸ்டன் சேர்ந்தார். அவர் ஏறியது முன்சக்கரம் மட்டும் 50 அங்குலம் விட்டமுள்ள உயரச் சைக்கிள். பெடல் அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும், கியர் கிடையாது, டயர் காற்றில்லாத கெட்டி ரப்பர். சக்கரம் ஒரு பள்ளத்தில் தட்டினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். மாற்றுச் சட்டை ஒன்று, காலுறைகள், கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி: மூட்டை அவ்வளவுதான். இதே சமவெளியின் வடக்கே, நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றோரம், யூனியன் பசிஃபிக் ரயில் பாதையை ஒட்டிய வண்டித்தடத்தில் போனார். வழி நெடுக ரயில்வே கேங்மேன் குடியிருப்புகளிலும் பண்ணை வீடுகளிலும் கதவைத் தட்டிச் சாப்பாடும் இடமும் கேட்டார். மொத்தம் 3,700 மைல். அதில் மூன்றில் ஒரு பங்கைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடந்தார்.

13 ஆண்டு கழித்து, 1897 ஜூன் 14 அன்று, மொன்டானாவின் மிசூலா கோட்டையிலிருந்து ஒரு படைப்பிரிவு கிளம்பியது. அமெரிக்க ராணுவத்தின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள், அவர்களுடைய அதிகாரி ஜேம்ஸ் மாஸ், ஒரு மருத்துவர், ஒரு செய்தியாளர். போருக்குக் குதிரைக்குப் பதில் சைக்கிள் உதவுமா என்று பார்ப்பது நோக்கம். இதற்குள் இரண்டு சக்கரமும் ஒரே அளவாகி, காற்றடைத்த டயர் வந்துவிட்டது. துப்பாக்கி, போர்வை, உணவு எல்லாம் ஏற்றினால் வண்டி ஒன்று 27 கிலோ அளவுக்கு வந்தது. நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில்தான் அவர்கள் மிகவும் பட்டார்கள். சக்கரம் மணலில் புதைந்தது. அதனால் ரயில் பாதையின் சிலீப்பர் கட்டைகள்மீது ஏறி, கட்டைக்குக் கட்டை குலுங்கிக்கொண்டு போனார்கள். வெயில் கொளுத்தியது. உவர்நீரைக் குடித்துப் பலர் நோயில் விழுந்தார்கள். இருந்தும் ஜூலை 24 அன்று, 1,900 மைல் முடித்து, செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்தார்கள். மறு ஆண்டு ஸ்பெயினோடு போர் வந்தது. சைக்கிள் சோதனை அத்தோடு நின்றது.

அன்று சைக்கிள்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: நல்ல சாலை. 1880-இல் தொடங்கிய அமெரிக்கச் சைக்கிள் கழகம் 1892 முதல் ‘குட் ரோட்ஸ்’ என்று ஒரு பத்திரிகையே நடத்தியது. சாலை வந்தது, ஆனால் அது வந்து சேர்ந்தபோது அதன்மேல் கார் ஓடிக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட தூரச் சைக்கிள் பயணம் ஒரு சிலரின் தனி முயற்சியாகவே இருந்தது.

அது மாறியது 1976-இல். நாட்டின் 200-ஆம் ஆண்டு விழாவை ஒட்டி, கிரெக் சைப்பிள், ஜூன் சைப்பிள், டான் பர்டன், லிஸ் பர்டன் என்ற இரண்டு தம்பதிகள் ‘பைக்சென்டெனியல்’ என்ற பெயரில் ஒரு பயணத்தை ஏற்பாடு செய்தார்கள். ஆரிகன் கடற்கரையிலிருந்து வர்ஜீனியாவின் யார்க்டவுன் வரை, 4,200 மைலுக்குச் சற்று மேல். அந்தக் கோடையில் 4,000-க்கும் அதிகமானோர் அந்தப் பாதையில் ஓட்டினார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கடற்கரையிலிருந்து கடற்கரைவரை போனார்கள். கான்சாஸின் மேற்குப் பகுதியில் பாதை 96-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொள்கிறது. ட்ரிப்யூன், லியோட்டி, ஸ்காட் சிட்டி, டைட்டன், நெஸ் சிட்டி என்று ஊர்கள் ஒரே கோட்டில் வருகின்றன.

1976-இன் சைக்கிள் எஃகுச் சட்டத்தில் ஆனது. முன்னே இரண்டு பல்சக்கரம், பின்னே ஐந்து. ஆக பத்து கியர். கியர் மாற்ற ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துச் சட்டத்துக்குக் குனிய வேண்டும்; பக்கக் காற்று அடிக்கும்போது அந்த ஒரு கை பெரிய விஷயம். பாதம் நழுவாதிருக்கப் பெடலில் தோல்வாரால் கட்டிக்கொள்வார்கள். கூடாரம் மட்டும் இரண்டு, மூன்று கிலோ இருக்கும். முன்பையின் மேல் உள்ள கண்ணாடித்தாளுக்குள் அச்சிட்ட வழிவரைபடத்தை மடித்து வைப்பார்கள். வீட்டுக்குப் பேச ஊர்முனைக் காசுத் தொலைபேசி. கடிதம் வேண்டுமென்றால் இன்ன ஊர் அஞ்சலகத்தில் வைத்திருக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். வானிலை தெரிய வேண்டுமென்றால் உணவகத்தில் காபி குடிக்கும் விவசாயியைக் கேட்க வேண்டும்.

இன்று அந்தச் சாலையில் வருபவரின் வண்டியில் டிஸ்க் பிரேக் இருக்கிறது; கையை எடுக்க வேண்டாதபடி கியர் பிடியிலேயே இருக்கிறது; கூடாரம் ஒரு கிலோவுக்குள் அடங்குகிறது. சாலையோரத்து நெருஞ்சி முள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அன்று ஒரு முள் குத்தினால் மூட்டையை இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவி, எச்சில் தொட்டு ஓட்டையைக் கண்டுபிடித்து, ரப்பரைத் தேய்த்து ஒட்டு வைத்து, காற்றடித்து முடிக்க அரை மணி நேரம். இன்று பல டயர்களுக்குள் ட்யூபே இல்லை. உள்ளே ஊற்றிய பால் போன்ற திரவம் முள் குத்திய இடத்துக்குச் சுழன்று வந்து உறைகிறது. ஓட்டுபவருக்குப் பல வேளை முள் குத்தியதே தெரியாது. பின்னால் வரும் வண்டியை உணர்ந்து எச்சரிக்கும் சிறு ரேடார், சீட்டுக்குக் கீழே விளக்கோடு சேர்ந்து வருகிறது. லாரிகள் ஓடும் இருவழிச் சாலையில் அது உயிர்காக்கும் கருவி.

ட்ரிப்யூனுக்கும் லியோட்டிக்கும் நடுவே நேர மண்டலம் மாறுகிறது. கிழக்கே போகிறவருக்கு ஒரு மணி நேரம் காணாமல் போகும். அன்று கைக்கடிகாரத்தைத் தானே திருகி வைக்க வேண்டும். மறந்தவர் அடுத்த ஊர் உணவகம் சாத்திய பிறகு போய் நிற்பார். இன்று செல்பேசி தானாகவே மாற்றிக்கொள்கிறது. புயல் எச்சரிக்கையும் அப்படியே. மேற்கே கறுத்து வரும் மேகத்தைக் கண்ணால் அளந்த காலம் போய், அது எத்தனை நிமிடத்தில் தலைக்கு மேல் வரும் என்பதைத் திரை காட்டுகிறது. மறைய ஒரு மரமும் இல்லாத நிலத்தில் இது சாதாரண லாபம் அல்ல.

வேகத்தில் வந்த மாற்றம் இன்னும் பெரிது. 1976-இல் குழுவாகப் போனவர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள். அதே பாதையில் 2014 முதல் நடக்கும் துணையில்லாப் பந்தயத்தில், 2016-இல் லேல் வில்காக்ஸ் ஆண், பெண் எல்லோரையும் முந்தி 18 நாளில் முடித்தார். போட்டியாளர் ஒவ்வொருவரும் வரைபடத்தில் நகரும் புள்ளியாக உலகம் முழுதும் தெரிகிறார். புள்ளி தம் ஊரை நெருங்குவதைப் பார்த்து, சாலையோரத்துக்கு வந்து கையசைப்பவர்கள் உண்டு. முன்பு யார் வருகிறார் என்பது வந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும்.

எவ்வளவு நல்ல வண்டியானாலும் காற்றின் கணக்கு மட்டும் தள்ளுபடி தருவதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர், காற்றசையாத நாளில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு வரும் அதே தடையைச் சந்திக்கிறார். மலையில் ஏறினால் இறக்கம் உண்டு. கால் சும்மா இருக்கும் நேரம் உண்டு. இங்கே பெடலை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். ஒரே இருக்கை, ஒரே பிடி, ஒரே மிதி என்று மணிக்கணக்காகப் போகையில் உள்ளங்கை மரத்துப்போகிறது. இடுப்பும் தொடையும் எரிகின்றன. தொலைவில் ஒரு கான்கிரீட் தானியக் கிடங்கு வெள்ளைக் கோடாக எழும்பும். அதுதான் அடுத்த ஊர். கண்ணில் பட்டபின் அந்தக் கோபுரத்தடியை எட்ட ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை அது பெரிதாவதாகவே தோன்றாது.

பக்கக் காற்று வேறு மாதிரி. அமெரிக்காவில் வண்டிகள் வலப்புறம் ஓடுகின்றன. மேற்கே போகும் சைக்கிள்காரர் சாலையின் வட ஓரத்தில் இருப்பார். தெற்குக் காற்று அவரை இடப்பக்கத்திலிருந்து தள்ளும். விழாதிருக்க அவர் இடப்பக்கமாகவே சாய்ந்து ஓட்டுகிறார். மாட்டு லாரி ஒன்று அவரைத் தாண்டும்போது ஒரு கணம் காற்றை மறைக்கிறது. தாங்க எதுவும் இல்லாமல் சைக்கிள் லாரியை நோக்கிச் சரிகிறது. லாரி கடந்ததும் காற்று மொத்தமாக மீண்டும் அறைந்து, வண்டியைச் சாலைக்கு வெளியே உந்துகிறது. இந்த இரண்டு நொடியைக் கையாள 1976-இல் கற்றதையே இன்றும் கற்க வேண்டியிருக்கிறது: பிடியை இறுக்காதே, முன்னதாகவே தயாராகு, சந்தேகமிருந்தால் ஓரத்தில் இறங்கி நில்.

விடியுமுன் புறப்படும் வழக்கமும் அப்படியே இருக்கிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தங்கிவிடுகிறது. மேலே பலமான காற்று ஓடினாலும் அது கீழே இறங்குவதில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் மேலும் கீழும் கலந்து, நடுக்காலைக்குள் சமவெளி முழுவதும் காற்றின் கைக்குப் போய்விடுகிறது. எனவே நாலு மணிக்கு எழுந்து, நண்பகலுக்குள் ஊரைப் பிடிப்பது நல்லது. அன்று அனுபவசாலிகள் சொல்லித் தெரிந்த இந்த விவரம் இன்று மணிவாரியாக வரைபடமாகக் கிடைக்கிறது. எழுந்திருப்பது என்னவோ அதே நாலு மணிக்குத்தான்.

காற்றின் திசையைப் பார்க்க அன்று பண்ணைக் கிணற்றுக்கு மேல் சுழலும் காற்றாடி இருந்தது. 1888 வாக்கில் எஃகு இதழ்களோடு வந்த அந்தக் காற்றாடிகள்தான் இந்த நிலத்தில் ஆடுமாடுகளுக்கும் மனிதர்களுக்கும் தண்ணீர் இறைத்தன. வறண்ட நாளில் பயணிகள் பாட்டிலை நிரப்பியதும் அவற்றின் தொட்டியில்தான். இன்று அந்த இடத்தில் மின்சாரக் காற்றாலைகள் நிற்கின்றன. கான்சாஸின் முதல் பெரிய காற்றாலைப் பண்ணை 2001-இல் கிரே மாவட்டத்தில் வந்தது. இன்று மாநிலம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி காற்றிலிருந்து கிடைக்கிறது. அவை எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கின்றன என்று பத்து கிலோமீட்டருக்கு முன்பே பார்த்து, தெற்கே திரும்பும் சாலை எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். காற்று காசாகி விவசாயிக்குக் குத்தகைப் பணம் தருகிறது. அதை நான் வரவுப் பக்கத்தில்தான் எழுதுவேன். ஆனால் பயணிக்குத் தண்ணீர் தந்தது பழைய காற்றாடி.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் ஊர்களைப் பற்றிப் பேச வேண்டும். நெஸ் சிட்டியின் நடுவே சுண்ணாம்புக் கல்லால் கட்டிய நாலு மாடி வங்கிக் கட்டடம் நிற்கிறது. 1890 வாக்கில் அதைக் கட்டியவர்கள் இந்த ஊர் பெருநகரமாகும் என்று நம்பியிருக்க வேண்டும். நெஸ் மாவட்டத்தின் மக்கள் தொகை 1930-இல் 8,000-க்கு மேல். 1976-இன் சைக்கிள் கூட்டம் வந்த காலத்தில் 5,000-க்குச் சற்றுக் குறைவு. 2020-இல் 2,700-க்கும் குறைவு. நிலம் தரிசாகிவிடவில்லை, விளைச்சல் அன்றைவிட அதிகம். இயந்திரங்கள் பெரிதாக, பண்ணைகளும் பெரிதாயின. பத்துக் குடும்பம் உழுத நிலத்தை இன்று ஒரு குடும்பம் உழுகிறது. குடும்பங்கள் போனதும் பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டன. பள்ளி போன ஊரில் மளிகைக் கடை நிலைக்கவில்லை. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் சிற்றூர் மளிகைக் கடைகளைக் காப்பதற்கென்றே ஒரு தனித் திட்டம் நடத்த வேண்டிய நிலை. 2012-இல் தொடங்கிய மாற்றத்தில் நாடு முழுதும் ஏறத்தாழ 13,000 சிறு அஞ்சலகங்களின் வேலை நேரம் நாளுக்கு 2, 4, 6 மணி என்று குறைந்தது. பயணிக்குக் கடிதம் காத்திருந்த ஜன்னல் பாதி நாள் மூடியிருக்கிறது.

கொலராடோவின் ஈட்ஸிலிருந்து கான்சாஸின் ட்ரிப்யூன்வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் அது ஏழு மணி நேரம். இடையிலுள்ள ஊரில் கடை திறந்திருந்தால் இரண்டு பாட்டில் போதும். இல்லையென்றால் ஐந்து, ஆறு லிட்டர் ஏற்ற வேண்டும். கூடாரத்திலும் சமையல் கருவியிலும் கிராம் கிராமாக மிச்சம்பிடித்த எடையெல்லாம் தண்ணீராகத் திரும்பி வந்து கேரியரில் உட்கார்ந்துகொள்கிறது. அரை நூற்றாண்டு முன்னேற்றத்தின் வரவுக்கு நேரெதிரே எழுதவேண்டிய செலவு இது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. அன்று எதிரெதிரே வரும் இரண்டு சைக்கிள்காரர்கள் நடுச்சாலையில் நின்றுவிடுவார்கள். அடுத்த ஊரில் எந்தக் கடை ஞாயிறு மூடல், எந்தப் பாலத்தில் தார் பெயர்ந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் துரத்தும் என்று பரிமாறிக்கொள்வார்கள். கேட்காமல் போனால் பட்டினி கிடக்க நேரும். இன்றும் நிற்கிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் கேட்டே ஆகவேண்டியது எதுவும் இல்லை. உணவகத்துக்குள் நுழைந்து “காற்று இன்று எப்படிங்க?” என்று கேட்டதில் தொடங்கிய பேச்சு பல வேளை இரவுச் சாப்பாட்டில் முடிந்தது. கையில் விடை இருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

ஆயினும் எல்லாம் போய்விடவில்லை. ஊர்ப் பூங்காவில் சைக்கிள்காரர்கள் இலவசமாகக் கூடாரம் அடிக்கலாம் என்ற வழக்கம் கான்சாஸின் பல சிற்றூர்களில் இன்றும் இருக்கிறது. ஷெரிஃப் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஊர் நீச்சல் குளத்தில் குளித்துக்கொள்ளலாம். சில தேவாலயங்கள் தங்கள் கூடத்தைத் திறந்துவிடுகின்றன. 1976-இன் கூட்டத்துக்காகப் பள்ளிகளும் தேவாலயங்களும் ஒரு கோடைக்குச் செய்த ஏற்பாடு, ஊரே பாதியாகிவிட்ட பிறகும் தொடர்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கோடையை நடத்திய அமைப்பு இன்று ‘அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன்’ என்ற பெயரில், மாஸின் படை புறப்பட்ட அதே மிசூலாவிலிருந்து, அந்தப் பாதையின் வரைபடங்களைப் புதுப்பித்து வெளியிடுகிறது.

சாலையிலும் ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. கான்சாஸின் கிழக்குப் பகுதியில் ஃபிளின்ட் ஹில்ஸ் என்னும் புல்மேடு இருக்கிறது. வட அமெரிக்காவில் மிஞ்சியுள்ள உயரப்புல் வெளியின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள எம்போரியாவில் 2006-இல் 34 பேர் சரளைச் சாலையில் 200 மைல் ஓட்டத் தொடங்கினார்கள். ‘அன்பௌண்ட் கிராவல்’ என்று இன்று பெயர் பெற்ற அந்தப் போட்டிக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். டயரைக் கிழிக்கும் கூர்க்கல் நிறைந்த அந்தச் சாலையைத் தேடி வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே கார் மிகக் குறைவு. தார்ச்சாலையில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் ஒருவர் போதும், எந்த ரேடாரும் காப்பாற்றாது. தார் வேண்டும் என்று போராடியவர்களின் வழிவந்தவர்கள் தாரைவிட்டு விலகி மண்ணுக்குப் போகிறார்கள். சிலீப்பர் கட்டையில் குலுங்கிப் போன வீரர்களிடம் இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

1976-இன் பாதைக்கு 2026-இல் 50 ஆண்டு நிறைகிறது. பழைய நாளுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ரேடாரும் புயல் எச்சரிக்கையும் உயிர்களைக் காக்கின்றன. முள்ளுக்கு அஞ்சாத டயர் பலரைத் தனியே கிளம்பவைத்திருக்கிறது. ஆனால் இந்தச் சமவெளியைக் கடக்க வைப்பது சைக்கிள் மட்டும் அல்ல. 50, 60 கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, ரொட்டி விற்கும் ஒரு கடை வேண்டும். குழாயைத் திறந்து வைப்பது ஊரின் பொறுப்பு. கடையில் வாங்குவதும், பூங்காவில் தங்குவதும், தங்கிய ஊரில் நாலு பேரோடு பேசுவதும் பயணியின் பொறுப்பு. சைக்கிளைச் செம்மைப்படுத்த எத்தனையோ பேர் 50 ஆண்டு உழைத்தார்கள். அடுத்த 50 ஆண்டில் அந்த உழைப்பில் ஒரு பங்கு குழாய், கூரை, கடை என்ற இந்த மூன்றுக்கும் போய்ச் சேர வேண்டும்.